மூணாவது பிளக்

பானெட்டைத் தூக்கிவிட்டு ஜெபின் புதுச் சட்டையின் கையை மடித்தபோதே அப்பாதுரை நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்தார். மடிக்கிற விதத்திலேயே தெரிந்தது, வேலை தெரிந்த பயல்.

சேலையூரில் அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவன் முதலில் காரைப் பார்க்க வேண்டும்.

பழைய ஃபியட். நின்ற இடத்தில் உதறும். அதன் நோவைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறவனுக்குத்தான் மகள் ஜெயசீலி. ரிட்டயர்டு பஸ் டிரைவர் அப்பாதுரை போட்ட சட்டம் அது. சர்ச்சில் எல்லாருக்கும் தெரியும்.

பாங்க்காரன் ஒருத்தன் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டுப் போனான். ஒரு வாத்தியார், ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார்.

ஜெயசீலிக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது.

ஜெபின் கார் கம்பெனியில் இன்ஜினியர் என்றார்கள். அப்பாதுரை நம்பவில்லை. படித்தவன் எவனையும் அவர் நம்பியதில்லை. படிக்காதவனையும்தான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான், ஜெயசீலியைப் பார்த்து.

சாவி அவளிடம்தான் இருக்கும். சர்க்கரையில் அப்பாவின் பாதம் மரத்துப்போன பிறகு வண்டி ஓட்டுவது அவள். காலையில் ஊசி போடுவது, சோறு வடிப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள்.

வண்டி உதறியது. கதவுக் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

ஜெபின் சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கைக்குட்டையை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினான். முதல் ஒயரைப் பிடுங்கியதும் வண்டி சாகப் பார்த்தது. இரண்டாவதற்கும் அப்படித்தான்.

மூன்றாவதைப் பிடுங்கினான்.

ஒன்றும் ஆகவில்லை. உதறல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஜெபின் சிரித்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து ஜெயசீலியும் சிரித்தாள். மகள் பல் தெரியச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அப்பாதுரைக்கு நினைவில்லை.

"மூணாவதுதான் அங்கிள். செத்துக் கெடக்கு. பிளக் ஸ்பேனர் குடுங்க, அஞ்சே நிமிஷம்."

"ஸ்பேனர் இல்லியே தம்பி."

டிக்கியைத் திறந்து பார்த்தான். ஜாக்கி இருந்தது, கயிறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் வரைக்கும் ஒரு ஒர்க்‌ஷாப் திறந்திருக்காது.

"பக்கத்துல யார்கிட்டயாவது கேட்டுப் பாக்கட்டுமா?"

"இந்த வூட்ல எவன்கிட்டயும் போய் கை நீட்டுற பழக்கம் கெடையாது."

"சரி அங்கிள். நாளைக்கு டூட்டி முடிஞ்சு ஸ்பேனரோட வரேன்."

மறுபடி வருவேன் என்று இதுவரை எவனும் சொன்னதில்லை. அப்பாதுரை, காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்த ஜெபினின் அம்மா ரோஸி பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, நாலு வருஷம் படிக்க வெச்சியே, ஒரு ஸ்பேனர் இல்லேன்னதும் கையப் பிசைஞ்சுகினு நிக்கிறான்? அப்பன் இல்லாம வளந்த புள்ளைன்னு பாத்தாலே தெரிது."

ரோஸி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுறீங்களா, காருக்கு மெக்கானிக் தேடுறீங்களா? ஜெபின், வாடா."

ஜெபின் ஒருமுறை காரைத் திரும்பிப் பார்த்தான். கரி அப்பிய கைக்குட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் பையில் திணித்துக்கொண்டு அம்மா பின்னால் போனான்.

வழியனுப்பக்கூட அப்பாதுரை எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்தே அந்தப் பிரம்பு நாற்காலியில்தான் இருந்தார். அடியில் உறுத்திக்கொண்டே இருந்தும் இம்மி நகரவில்லை. 'எழுந்து நிக்கக்கூட முடியல, அவ்வளவு திமிரு' என்று ரோஸி தெருவில் சொன்னது காதில் விழுந்தது.

அவர்கள் ஏறிய ஆட்டோவின் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

ஜெயசீலி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எழுந்திரிங்கப்பா."

எழுந்தார்.

நாற்காலி மெத்தைக்கு அடியிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். மூன்றாவது பிளக்கைக் கழற்றினாள். பொறி தெறிக்கிற அதன் முனை சுத்தியலால் அடித்து ஒட்டவைக்கப்பட்டிருந்தது. கத்தி நுனியால் நெம்பி இடைவெளி விட்டாள், ஊதினாள், திரும்ப மாட்டினாள். இரண்டு தடவை பிடிக்காமல் வழுக்கி, மூன்றாம் தடவை ஏறியது.

சாவியைத் திருப்பினாள். வண்டி உதறவே இல்லை. கண்ணாடிகூட அசையவில்லை.

கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அடுத்த தடவை ரெண்டாவதைக் கழட்டுங்கப்பா. மூணாவதுல மரை தேஞ்சுபோச்சு."