பாதி அளவு வாயேஜர்

“பூமிய விட்டுப் போயி பதினெட்டு வருசமாச்சு, சார். ரெண்டு பேரும் இனிமே திரும்பி வரமாட்டாங்க” என்று ரங்கசாமி கூறினார். எதிரே நின்ற இளைஞர் தலைக்கவசத்தை மெல்லக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“யாரு, உங்க அம்மா அப்பாவா?”

“இல்ல சார், வாயேஜரு. மொத்தம் ரெண்டு அனுப்புனாங்க. நான் ஒண்ணுதான் கட்டியிருக்கேன்.”

ரங்கசாமி முற்றத்தை நோக்கிக் கைகாட்டினார். பத்துப் பிஸ்கட் டின்களை வட்டமாகப் பிணைத்த உடலும், செர்காம் கடற்கரையில் வாங்கிய தூண்டில் கோல்களாலாகிய கைகளும், ஆறடி அகலமுள்ள வெண்ணிறக் கிண்ணமுமாக ஒரு விண்கலம் அங்கே இரும்புக் காலின்மேல் நின்றிருந்தது. ‘வாயேஜர் விண்கலம். பாதி அளவு மாதிரி. தொடாதீர்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதிய பலகை அதன் கழுத்தில் தொங்கியது.

இளைஞரின் பெயர் கவிநேசன். அது 1995ஆம் ஆண்டு. வீடுகளில் செயற்கைக்கோள் டிஷ் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராத காலம். அவ்வாறு வைத்திருப்போரைப் பிடித்து, டிஷ்ஷை லாரியில் ஏற்றிச் செல்வதே கவிநேசனின் பணியாகும். டுரியான் துங்கால் ஊருக்கு அப்பாலுள்ள இந்தச் செம்பனைத் தோட்டத்தில் யாரோ ஒருவர் வானத்திலிருந்து தமிழ்ப் படம் இறக்கிப் பார்ப்பதாக எழுதப்பட்ட மொட்டைக் கடிதம் ஒன்று அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

கடிதம் பொய் சொல்லவில்லை. அந்தக் கிண்ணம் அசல் டிஷ்தான்.

குருபோங் தொழிற்சாலையில் பிட்டராகப் பணிபுரிந்த ரங்கசாமி, பக்கத்துத் தோட்டத்து டிஷ் லாரியில் ஏறியதைக் கண்ட அன்றே மலாக்கா நூலகத்துக்கு ஓடினார். உண்மை வாயேஜரின் கிண்ணம் பன்னிரண்டடி என்று ஒரு புத்தகத்தில் படித்தபோது அவருக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. தம்முடையது ஆறடி. சரிபாதி!

மறைப்பதற்காகத் தொடங்கிய வேலைதான். ஆயினும் மூன்று வாரத்தில் மனம் அதில் ஒட்டிக்கொண்டது. மனைவி பெரியநாயகியின் பித்தளைத் தாம்பாளத்தைக்கூடத் தேய்த்துத் தேய்த்து, வாயேஜர் சுமந்து சென்ற பொன் இசைத்தட்டாக ஆக்கிவிட்டார்.

கவிநேசன் விண்கலத்தை ஒருமுறை சுற்றி வந்தார். கிண்ணத்தின் விளிம்பில் அவருடைய பார்வை நின்றது.

“வாயேஜருக்குக் குங்குமம் வெச்சா அனுப்புனாங்க, அண்ணே?”

“அது நம்ம வீட்டுக்காரம்மா வெச்சது, சார். புதுச் சாமான் எதப் பாத்தாலும் அவங்களுக்குக் கை சும்மா இருக்காதுலா.”

“வாசல்ல என்ன இத்தன செருப்பு?”

“வெள்ளிக்கெழம பஜன, சார்.”

“சத்தமே காணோமே?”

“மனசுக்குள்ள பாடுறாங்க.”

ஆறு மணிப் படம் தொடங்கிவிட்டிருந்தது. தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேர் உள்ளே, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தனர். யாரோ இருமினார், அந்த இருமலின் வாயை உடனே யாரோ பொத்தினார்.

“சரி, இந்தச் சட்டி எதுக்கு?”

“சட்டி இல்ல சார், காது! எத்தன கோடி மைல் போனாலும் பூமியப் பாத்துக்கிட்டேதான் இருக்கும்.”

“அப்ப இது ஏன் ஆகாசத்தப் பாக்குது?”

இந்த வினாவுக்கு விடை புத்தகத்தில் இல்லை.

“சும்மா... வேடிக்க பாக்குது, சார்.”

கவிநேசன் சிரிக்கவில்லை. விண்கலத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கண்ணை மூடி, வலக்கையை மேற்கே செம்பனை மரங்களின் பக்கம் நீட்டி எதையோ அளந்தார். லாரி எந்தப் பக்கமாக உள்ளே வரும் என்று கணக்கிடுகிறார் என ரங்கசாமி எண்ணினார்.

பிறகு கவிநேசன் மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பானரை எடுத்தார்.

“பதினாலாம் நம்பர் நட்டுத்தானே, அண்ணே?”

“சார், சார்! என்னய வேணும்னா ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாயேஜரக் கழட்டாதீங்க, சார். பாத்துப் பாத்துக் கட்டுனது!”

டிஷ்ஷுக்காகக் கெஞ்சாமல் வாயேஜருக்காகக் கெஞ்சியது ரங்கசாமிக்கே வியப்பாக இருந்தது. நட்டு கிறீச்சிடும் ஓசை கேட்டதும் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். கிண்ணம் அசைந்தது. இரண்டு விரற்கடை திரும்பியது. நட்டு மறுபடியும் கிறீச்சிட்டது.

உள்ளே பதினைந்து குரல்கள் ஒன்றாக “ஆ!” என்றன.

“ஏங்க!” என்று பெரியநாயகி பஜனையை மறந்து கூவினார். “புள்ளியெல்லாம் போயிருச்சு! மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது!”

ரங்கசாமி கண்களைத் திறந்தபோது, கவிநேசன் மொட்டைக் கடிதத்தின் பின்புறத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ‘விண்கல மாதிரி. ஆட்சேபம் இல்லை’ என்று எழுதி, கையெழுத்தும் இட்டு, ஸ்பானரைப் பெட்டியில் போட்டு மூடினார். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பியபின் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ரெண்டாவது வாயேஜர எங்க வீட்டு டிஷ்ல வந்து கட்டிக் குடுத்துருங்க, அண்ணே!”