வால்கயிறு

எண்பத்தாறாம் வருடத்து ஆடி மாதம். நத்தம் சாலையில் நூல் மில் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பாரம் தூக்கும் நாட்களில் மேஸ்திரி உடையப்பன்தான் காலையில் ஆளுக்கொரு வேலை சொல்லுவார்.

“பொன்னழகு வின்ச்சு. மணிமாறன் மேல நின்னு வாங்கு. முத்துக்கிருஷ்ணன் வால்கயிறு.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆறு வருடமாக வாயில் ஊறிய பெயர். முத்துக்கிருஷ்ணன் சித்திரையில் மஞ்சள்காமாலை கண்டு இறந்துபோனான். வேறு ஆளைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வின்ச் சுழல ஆரம்பித்துவிட்டது.

சிறுமலைப் பக்கமிருந்து காற்று விசிறியடித்தது. அந்தரத்தில் பாரம் சுழன்றுவிடாமல், அதில் கட்டிய கயிற்றைக் கீழேயிருந்து இழுத்துப் பிடிப்பவன்தான் வால்கயிற்றுக்காரன். அன்று அந்த இரும்பு உத்தரம் இம்மிகூடத் திரும்பாமல் மேலே போனது. மணிமாறன் அதைப் பொருத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

“வால்கயித்த ஆரு மேஸ்திரி பிடிச்சது? கல்லு மாதிரி நின்னுச்சே!”

கயிறு விறைப்பாகச் சாய்ந்து நின்றது. அதன் நுனி ஓர் ஆளின் இடுப்புயரத்தில் வெறும் காற்றில் இருந்தது.

மேஸ்திரி பேர் சொல்லி ‘விடு’ என்கிறவரை முத்துக்கிருஷ்ணன் ஒருநாளும் கயிற்றை விட்டதில்லை.

சாயங்காலம் எல்லோரும் சைக்கிளேறிப் போனார்கள். உடையப்பன் மட்டும் கயிற்றருகே மணலில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு சொல் நாக்குவரை வந்து வந்து திரும்பியது.

“இன்னும் செத்த நேரம் பிடிச்சிரு, தம்பி” என்றார்.

கயிறு இன்னும் கொஞ்சம் இறுகியது.