ஐந்தாவது விலகல் கடிதம்

வாசகப் பெருமக்களே, இந்த அநீதியை வந்து பாருங்கள்! சமயப் பள்ளியை முப்பத்திரண்டு ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய அம்மையார், ஓய்வு கேட்டு ஐந்தாவது முறையாகக் கடிதம் நீட்டுகிறார். நிர்வாகக் குழுச் செயலாளரோ அதைத் தொடவே மறுக்கிறார்.

"நீங்க போயிட்டா பிள்ளைங்களுக்கு யாருங்க மறை சொல்லித் தருவாங்க?"

"துணைத் தலைவி இருக்காங்களே. என்னைவிட நல்லாவே சொல்லித் தர்றாங்க."

"காலை வழிபாடு?"

"அதையும் ஒரு வருஷமா அவங்கதான் நடத்துறாங்க. சாக்குச் சொல்லாம கையெழுத்துப் போடுங்க."

செயலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். பள்ளி வளாகத்துக்குள் அவர் ஒரு நாளும் தவறவிடாத 'நீங்க' அந்த நொடியில் காற்றில் பறந்தது.

"ஓய்வெடுத்துட்டு சைக்கிள் பழகப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றியே, பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடப்போறது யாரு? உன் புருஷன் நான்தானேடி! என் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

அம்மையாருக்குச் சிரிப்பு பீறிட்டது. பேனாவைத் திறந்து அவர் விரல்களில் செருகினார்.

"போடுங்க. மெதுவாத்தான் ஓட்டுவேன்."

போட்டார். மறு கை முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது.

மனைவியின் ஓய்வைத் தடுத்து வைத்திருக்கும் கணவர்களே! இன்றே கையெழுத்திடுங்கள்; நாளைக் காலை ஓடத் தொடங்குங்கள்!