மல்லிகைக் கட்டு

சீதாவின் தலையில் ஒரு இணுக்குப் பூ கூட இல்லை. ஆனால் அறை முழுக்க மல்லிகை வாசனை. டாக்டர் மாணிக்கவாசகம் அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூவை எங்கே கட்டியிருக்கீங்க?"

வடிவம்மாள் மகளின் தாவணியை இன்னும் ஒரு சுற்று இழுத்துச் செருகினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுவார்கள். சீதாவுக்கு வயது பத்தொன்பது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"நாலு மாசமா பால் கசியுது டாக்டரய்யா" என்றாள் வடிவம்மாள், சுவருக்குக் கூடக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "லேடி டாக்டர் பாத்துட்டு, வயித்துல ஒண்ணும் இல்ல, ஹார்மோன் டாக்டர்ட்ட போங்கன்னு சொல்லிட்டாங்க. தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. இவ அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த இசக்கிமுத்து, மானம் என்று வந்துவிட்டால் மகள் என்றும் பார்க்கமாட்டார். கோயிலுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுத்தான் மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்கு இருவரும் பஸ் ஏறியிருந்தார்கள். 1974-இல் சென்னையில் ஹார்மோன் டாக்டர்களை எண்ண ஒரு கை விரல் போதும். இவரைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகியிருந்தது.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகிறது. தினமும் தலைவலி. நிலைப்படியில் இடித்துக்கொள்கிறாள், பக்கத்தில் ஆள் வந்து நின்றால் பேயைக் கண்டது போல அலறுகிறாள்.

"பராக்குப் பாத்துக்கிட்டே நடக்கா, வேற என்ன?" என்றாள் வடிவம்மாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா? கூடப் பிறந்தவங்க?"

"கிடையாது. ஒத்தப் பொண்ணு."

சீதா சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் அவளை எதிரில் உட்காரவைத்து, "என் மூக்கையே பாரும்மா. விரல் தெரிஞ்சதும் சொல்லு" என்றார். அவள் காதுகளின் பக்கத்திலிருந்து இரண்டு கைகளையும் விரலை ஆட்டியபடி முன்னால் கொண்டுவந்தார். முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் "இப்பத் தெரியுது" என்றாள் சீதா.

'நான் ஒண்ணும் செய்யலம்மா.'

வடிவம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். சீதா வாயைத் திறக்கவே இல்லை. மூன்று வருஷமாக இந்தக் குரல் இப்படித்தான், பட்டப்பகலில், சோறு வடிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் காதோரத்தில் வந்து நிற்கிறது. யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொல்லப் பயம்.

"கன்னிப் பொண்ணுக்குப் பால் வருமா டாக்டரய்யா? நிச்சயமாச் சொல்லுங்க."

இதை அவள் கேட்பது மூன்றாவது தடவை. பெற்ற மகளையே இப்படிச் சந்தேகப்படுகிறாளே என்று டாக்டருக்கு எரிச்சலாக வந்தது. லேடி டாக்டர் எடுக்கச் சொல்லியிருந்த தலை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"வரும். மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. பால் சுரக்கறது, மாசா மாசம் வர்றது எல்லாம் அது சொல்றபடிதான். அதுல ஒரு கட்டி வந்திருக்கு. உங்க பொண்ணு எந்தத் தப்பும் பண்ணல. ஆபரேஷன் பண்ணிடலாம். அப்புறம் தாராளமா கல்யாணம் பண்ணுங்க, பேரன் பேத்தி எடுப்பீங்க."

சீதா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாலு மாசத்தில் பயமில்லாமல் அவள் அழுதது அன்றுதான். ஆனால் வடிவம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொரு விஷயம்" என்றார் டாக்டர். "கட்டி கண் நரம்பை அழுத்துது. நேரே இருக்கறது தெரியும், ரெண்டு பக்கமும் தெரியாது. சில குடும்பத்துல இது அக்கா தங்கச்சிக்குச் சேர்ந்தே வரும், அதான் கேட்டேன். ஆபரேஷன் முடியற வரைக்கும் இவளை ரோட்டுல தனியா விடாதீங்க. பக்கத்துல பஸ் வந்தாக்கூடத் தெரியாது."

வடிவம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ரெண்டு பொண்ணு, டாக்டரய்யா."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார்.

"மூத்தவ தங்கம். மூணு வருஷத்துக்கு முன்னால அவளுக்கும் இப்படித்தான் ஜாக்கெட் நனைஞ்சுது. ஏட்டி, பெத்ததை எங்க கொண்டு போட்டேன்னு கேட்டு அடிச்சேன். மறுநாள் மாம்பலத்துல தண்டவாளத்தைத் தாண்டையில ரயில்ல அடிபட்டுட்டா. தப்புப் பண்ணினவ, அதான் தானாப் போய் விழுந்துட்டான்னு அவ போட்டோவைக்கூட மாட்டல. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட ஒத்தப் பொண்ணுன்னே சொல்லிட்டோம்."

சீதா அம்மாவின் தோளைப் பிடித்தாள். வடிவம்மாளுக்கு அது தெரியவில்லை. காலியாகக் கிடந்த வாசலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எம்மவளுக்கு ரயில் வர்றதே தெரியலியா?"