நிறுத்தின பிறகு ஐந்து நிமிஷம்

"மறுபடியும் புகார் வந்திருக்கு. வெறும் வயித்தோட உக்காந்திருக்கவங்களைக் காக்க வைக்கலாமா? இது ரெண்டாவது. மூணாவது வந்தா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அப்புறம் என் கையில இல்லை" என்றார் சூப்பர்வைசர்.

"நான் என்ன சார் பண்ணுவேன்? ஆறு மணிக்கு முன்னாடியே வந்து நிக்கறேன். வண்டி கைக்கு வந்தாத்தானே எடுக்க முடியும்?" என்றாள் டிரைவரம்மா.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது போல அவர் பார்த்தார். பார்க்கமாட்டாரா பின்னே?

ரத்தப் பரிசோதனை லேபின் கார் அது. வீடு வீடாகப் போய் நர்ஸ் ரத்தம் எடுப்பாள், இவள் ஓட்டுவாள். பதினாறு வருஷம் கியர் வண்டி ஓட்டியவளிடம் இருபது நாள் முன்பு ஒரு மின்சாரக் காரைக் கொடுத்தார்கள். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, சத்தம்கூடக் கிடையாது.

முதல் வாரம் அவள் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. இடது கால், இல்லாத கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை மிதிக்கும். பின்னால் நர்ஸ் "அக்கா!" என்று அலறுவாள். இண்டிகேட்டர் போடலாம் என்று கையை வைத்தால் வைப்பர் ஆடும். இந்தக் காரில் இரண்டையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் வைப்பரை ஆட்டிக்கொண்டு திரும்புகிறவளை ரோடே வேடிக்கை பார்த்தது. நல்லவேளை, கம்பெனியில் யாரோ புண்ணியவான் வைப்பர் குச்சியில் சிவப்பு டேப் ஒட்டினார், பிழைத்தாள்.

இப்போது அந்தக் கார் மேல் அவளுக்கு ஒரு மயக்கமே வந்துவிட்டது. விடிகாலைப் பனியில் எடுத்தால் நகர்வதே தெரியாது. மரமும் விளக்குக் கம்பமும் பூட்டிய கடைகளும் தாமாகப் பின்னால் மிதந்து போகும். தூக்கத்தில்தான் ஓட்டுகிறோமோ என்று ஒருநாள் தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது ஒரு பக்கம். இந்தக் காரை விடவும் மனசில்லை.

குறுக்கே நின்றவன் குட்டி. அவன் ராத்திரி டிரைவர். முகம் பார்த்ததில்லை. சாயங்காலம் இவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போன பிறகு அவன் வருவான். காலையில் பின்பக்க ஷெட்டில் காரை நிறுத்தி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கமாகவே போய்விடுவான். தன்னைப் போலவே குள்ளமாக இருப்பான் என்று பேரை வைத்து நினைத்துக்கொண்டாள். சீட்டைக்கூட ஒருநாளும் நகர்த்த வேண்டியிருந்ததில்லை.

"வண்டி ஆறு மணிக்கு டாண்ணு வந்துடுது சார். சாவி ஆறு அஞ்சுக்குத்தான் வருது. நிறுத்தின பிறகும் உள்ளேயே உக்காந்திருக்கான்னு வாட்ச்மேன் சொல்றார்."

"உள்ளே என்ன பண்றானாம்?"

"வேறென்ன, போன்தான். எவகிட்ட குழையறானோ!"

"அப்படீன்னா எழுதிக் குடுங்க. உங்க மேல தப்பில்லைன்னு ஆயிடும். அவனைத் தூக்கிடறேன்."

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எழுதி முடித்தாள். கையும் களவுமாகப் பார்த்துவிட்டே கொடுக்கலாம் என்று, மறுநாள் ஆறு மணிக்கு நேராகப் பின்பக்க ஷெட்டுக்குப் போனாள்.

பனிக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்து நின்றது கார்.

"அஞ்சு நிமிஷத்துல சாவி வந்துடும்மா" என்றார் வாட்ச்மேன்.

"அந்த அஞ்சு நிமிஷத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்."

கார்க் கதவு திறந்தது. முதலில் ஒரு கால் வந்தது. வந்துகொண்டே இருந்தது. இறங்கி நிமிர்ந்தவன் ஆறடிக்கு மேல் இருந்தான்.

"இவரா குட்டி?"

"கிண்டலுக்கு வெச்ச பேரும்மா."

அவன் தரையில் மண்டி போட்டு, பிடிவாதம் பிடித்த சீட்டைத் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுவந்தான். கீழே சாக்பீஸால் போட்ட கோடு வந்ததும் விட்டான். பிறகு அந்தச் சின்ன இடத்துக்குள் உடம்பை மடக்கி உட்கார்ந்தான். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, தலையை அவள் உயரத்துக்கு இறக்கி, மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். கடைசியில் வைப்பர் குச்சியில் பிய்ந்திருந்த சிவப்பு டேப்பை உரித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினான்.

"தினமுமா?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"தினமும்தான். 'அந்தம்மாவுக்குப் புது வண்டி அண்ணே. சீட்டோட மல்லுக்கட்டாம ரோட்டைப் பார்த்து ஓட்டட்டும்'னு சொல்வான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஏன் லேட்டுன்னுதானே கேட்டீங்க? உள்ளே என்ன பண்றான்னு கேக்கவே இல்லையேம்மா."

அவளுக்குக் கூசிப் போயிற்று. அவன் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"எங்கே லெட்டர்?" என்றார் சூப்பர்வைசர்.

"வேண்டாம் சார். வண்டி கை பழகிடுச்சு. அந்த அஞ்சு நிமிஷத்தை ரோட்டுலயே பிடிச்சுடறேன்."

பிடித்தும்விட்டாள். அன்றைக்கு ஒரு வீட்டிலும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

சாயங்காலம் கார் வந்து நின்றது. டிரைவரம்மா இறங்கவில்லை. மணியைப் பார்த்துப் பார்த்துப் பொறுமையிழந்த சூப்பர்வைசர் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"நீங்களுமா? நிறுத்தின பிறகு அஞ்சு நிமிஷமா உள்ளே என்ன பண்றீங்க?"

சீட்டு கடைசி வரைக்கும் பின்னால் போயிருந்தது. கால்கள் பெடலுக்கு எட்டவில்லை. அவள் எக்கி எழுந்து, ஆறடிக்காரன் கண் எங்கே இருக்கும் என்று யோசித்து யோசித்துக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"போன் பேசிட்டிருந்தேன் சார்" என்றாள்.