மூன்றாவது ஊரில் ஓர் அறை

பேருந்தை விட்டு இறங்கியதும் அவனுக்குக் கிழக்கு எது, மேற்கு எது என்றே புரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்.

தீவென்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற ஆசாமி, பெண்டாட்டி முன்னால் இப்படியா பேந்தப் பேந்த விழிப்பது?

காலையிலிருந்து இந்தத் தீவில் இது மூன்றாவது ஊர். முதல் ஊரில் அறை வாடகையைக் கேட்டதுமே தலை சுற்றியது. இரண்டாவதில் அறையே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கிளம்பும்போது, "ரூம் கீம் எல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று வீராப்பாகச் சொன்னது அவன்தான். இங்கேயும் கிடைக்காவிட்டால் மாலைப் படகில் திரும்ப வேண்டியதுதான்.

திரும்பினால் தொலைந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்து கிளம்பியது இதுதான் முதல் தடவை. போன மாதச் சண்டைக்குப் பிறகு, சமாதானமாகப் போகட்டும் என்று, எங்கே போகலாம் என்று கேட்டான். தீவுக்கு என்றாள். இதுவும் சொதப்பினால் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். இந்தத் தடவை போனால் வரமாட்டேன் என்று சொல்லியும் வைத்திருந்தாள்.

வழக்கமாக நாலு நாளில் தானே வந்துவிடுவாள். ஒரு தடவையாவது அவன் போய்க் கூட்டிவந்ததுண்டா? மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ரோஷக்காரன் ஆயிற்றே!

அவளோ கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. அதுதான் அவனை இன்னும் குழப்பியது. ஊர்ப்பலகையே இல்லாத பேருந்தில் யாரையும் கேட்காமல் ஏறினாள். வெயில் விழாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். இப்போது, மீன்வலை காயப்போட்ட சந்துக்குள் விறுவிறுவென்று நடக்கிறாள்.

"ஏய், நில்லு! யார்கிட்டயாவது வழி கேட்டுட்டுப் போகலாம்."

அவள் நிற்கவில்லை. தகரக்கூரை போட்ட மாடி வீட்டின் முன்னால் செருப்பைக் கழற்றினாள். ‘அறைகள் வாடகைக்கு’ என்று கதவில் சாக்கட்டியால் எழுதியிருந்தது.

உள்ளே தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்த விடுதிக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா, வா! போன மாசம்தானே வந்துட்டுப் போனே. அதுக்குள்ள மறுபடியும் சண்டையா?"

அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஆள் மாறிப் பேசுகிறாளோ? மனைவியைப் பார்த்தான். அவள் ஆணியில் தொங்கிய சாவிகளில் ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அம்மா வீட்டில் அல்லவா இருந்தாள்? அதற்கு முந்தின தடவை? அதற்கும் முந்தின தடவை?

அம்மா வீடு! மச்சானும் அவன் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் மாமியாரும் ஒற்றை அறையில் முட்டிமோதுகிற வீடு. அங்கே இவள் எங்கே படுப்பாள் என்று ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

விடுதிக்காரம்மா அப்போதுதான் அவனைக் கவனித்தாள். யாரிது என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

மனைவி திரும்பி அவனை நேராகப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர்மா. என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கார்."