மெதுவாக வரும் லொறிகள்

காலை ஏழே முக்காலுக்குக் கப்பல்துறைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எல்லா லொறிகளும் ஊர்ந்துகொண்டிருந்தன.

போக்குவரத்துப் பொறியியலாளர் பிரகலாதனுக்கு எரிச்சல் வந்தது. வாகனங்களின் வேகத்தை அளக்க அவர் இங்கே வருவது இது மூன்றாவது தடவை. இந்தக் கணக்கை வைத்து வேகத்தடை கேட்டால் மேலிடம் சிரிக்கும். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் ஜவ்பரிடம் திரும்பினார்.

"நீங்கள்தானே மனுப் போட்டது, ஜவ்பர்? லொறியள் பறக்குது எண்டீங்கள்."

"பறக்கிறதுதான் சேர். போன மாசம் என்ட மகள் மின்ஹாட சைக்கிளை ஒரு லொறி நசுக்கிப் போட்டுது. பிள்ளை தப்பினது அல்லாஹ்ட காவல்."

"அப்ப நான் வாற நாளில மட்டும் ஏன் ஊருதுகள்?"

"உங்கட ராசி அப்பிடி போல."

உதவியாளர் முனீபை வேகம் அளக்கும் கருவியோடு அங்கேயே விட்டுவிட்டு, அலுவலகத்துக்குப் போகப் பிரகலாதன் ஜவ்பரின் ஓட்டோவில் ஏறினார்.

வளைவு தாண்டியதும் எதிரே ஒரு லொறி பறந்து வந்தது. ஜவ்பர் முன்விளக்கை இரண்டு தரம் அடித்தார். லொறி உடனே அடங்கியது. சாரதி நன்றியாகக் கையைத் தூக்கினான்.

"எதுக்கு லைட் அடிச்சீங்கள்?"

"முன்னுக்கு மெசினோட ஆள் நிக்குதெண்டு சொன்னனான். நீங்கள் பொலிஸ் இல்லையெண்டு அவனுக்குத் தெரியுமோ? ஓட்டோக்காரர் எல்லாரும் அடிக்கிறதுதான். வாகனம் ஓடுற ஆக்கள் பாவமெல்லோ."

"நான் வந்த மூண்டு தரமும் எல்லாரும் இப்பிடி அடிச்சீங்களோ?"

"ஓம் சேர். ஒருத்தனையும் மாட்ட விடேல்ல."

அடுத்த லொறிக்கும் லைட் அடித்துவிட்டு ஜவ்பர் திரும்பிப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும். மின்ஹா நாளைக்கும் இந்த ரோட்டைக் கடக்கவேணும். வேகத்தடை எப்ப சேர் போடுவீங்கள்?"